வயிற்றோடு தைத்த கை

பன்னிரண்டு நாட்களாக அவளுடைய வலது கை வயிற்றை விட்டு நகரவில்லை.

நகராது. தைத்திருந்தார்கள்.

இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே, அடிவயிற்றின் ஓரத்தில், ஓர் உள்ளங்கை அகலத் தோலை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தை உடம்போடு விட்டுவைத்து, அந்த மடலைத் தூக்கிப் புறங்கையின் மேல் போர்த்தித் தையல் போட்டிருந்தார்கள். வயிற்றுக்கும் கைக்கும் நடுவே இரண்டு விரல் தடிமனில் ஒரு சதைப்பாலம். வயிற்று ரத்தம் அந்தப் பாலத்தில் ஏறித்தான் கைத் தோலுக்குப் போனது. தூரத்திலிருந்து பார்த்தால், யாரோ ஒருத்தி பையில் சில்லறையைத் தேடத் தொடங்கி, பன்னிரண்டு நாளாகியும் கிடைக்காமல் இன்னும் துழாவிக்கொண்டிருப்பது போலத் தெரியும்.

வார்டில் அவளுக்கு வைத்த பெயர் இஸ்திரி.

பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. இரண்டு ராட்சத உருளைகள், உள்ளே நீராவி. இந்தப் பக்கம் ஈரப் படுக்கைவிரிப்பைக் கொடுத்தால் அந்தப் பக்கம் வெள்ளைக் காகிதமாக வந்து விழும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. பதினோரு வருடத்தில் தன் கையிலிருந்து ஒரு சுருக்கம்கூட மாடிக்குப் போனதில்லை என்று அவளுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் வினையாகப் போனது. ஒரு விரிப்பின் மூலை மடங்கியது. நிமிர்த்தக் கையை நீட்டினாள். பாதுகாப்புக் கம்பி வேலை செய்திருந்தால் உருளை நின்றிருக்கும்.

நிற்கவில்லை.

"பிளாஸ்டிக் சர்ஜரி பண்ணணும்மா" என்று பெரிய டாக்டரம்மா சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "ஏன் டாக்டர், என் மூஞ்சி நல்லாத்தானே இருக்கு?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மூஞ்சிக்கு இல்லை, கைக்கு. தொடையிலேர்ந்து மெலிசா தோல் சீவி ஒட்டலாம். ஆனா ஒட்டற தோலுக்குச் சொந்த ரத்தம் கிடையாது. அடியில இருக்கிற சதைதான் அதுக்கு ரத்தம் குடுக்கணும். உன் புறங்கையில சதையே இல்லை, தசைநாண் வெள்ளையா தெரியுது. அது மேல ஒட்டினா நாலு நாள்ல காஞ்சு உதிர்ந்துடும். அதனால ரத்தத்தோட சேர்த்தே தோலைக் கொண்டு வரணும். வயித்துல இருக்கு. கையை வயித்துக்கிட்ட கொண்டு போயிட வேண்டியதுதான்."

"எத்தனை நாளு?"

"இருபத்தோரு நாள். அதுக்குள்ள கை தன்னோட சொந்த ரத்தக்குழாய்களை அந்தத் தோலுக்குள்ள வளர்த்துக்கும். அப்புறம் பாலத்தை வெட்டிடலாம்."

இருபத்தோரு நாள் என்றதும் அவள் இடது கை விரல்களில் எண்ணிப் பார்த்தாள். ஏனென்றால் கப்பல் பத்தொன்பதாம் நாள் வருகிறது.

*

அவளுடைய கணவன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை ஆள். எட்டு மாதமாகக் கடல். ஒன்றுவிட்டு ஒரு நாள் கப்பல் போனில் ஐந்து நிமிடம் பேசுவான். அதில் இரண்டு நிமிடம் "ஹலோ, கேக்குதா?"விலேயே போய்விடும். இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டான்: கப்பல் நம்ம துறைமுகத்தைத் தொடுது. காலையில ஆறு மணிக்கு உள்ளே, ராத்திரி எட்டு மணிக்கு வெளியே. சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் வெளியே போக எனக்குச் சீட்டு தருவாங்க. நீ வந்துடு. துறைமுக கேட்டுக்கு வெளியே நிப்பேன்.

துறைமுகம் இந்த ஊரிலிருந்து ரயிலில் ஆறு மணி நேரம். அவன் வந்து திரும்ப முடியாது. அவள்தான் போகவேண்டும். அன்றைக்குத் தவறவிட்டால் அந்தக் கப்பல் அடுத்த ஏழு மாதத்துக்கு உலகத்தின் வேறு பக்கம்.

கையில் நடந்ததை அவள் அவனிடம் சொல்லவில்லை. போன முறை அவளுக்கு வெறும் காய்ச்சல் என்று காதில் விழுந்ததும், அடுத்த துறைமுகத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்ட ஆள் அவன். கப்பல் கம்பெனி அதற்காக இரண்டு வருடம் வீட்டில் உட்கார வைத்தது. இந்த முறை, "என்னடி பண்றே?" என்று அவன் கேட்டால், "துணி மடிக்கிறேன்" என்பாள். இடது கை போனைப் பிடித்திருக்கும். வலது கை வயிற்றில் இருக்கும்.

எப்படியாவது பத்தொன்பதாம் நாளுக்குள் இந்தக் கையைப் பிரித்துக்கொண்டு ரயில் ஏறிவிடவேண்டும். கட்டுப் போட்ட கையோடு போய் நிற்கலாம். "சின்னக் காயம்" என்று சிரிக்கலாம். வயிற்றோடு தைத்த கையோடு போய் நிற்க முடியாது. அதுவுமில்லாமல், இந்த நிலையில் ரயில் ஒரு குலுக்குக் குலுக்கினால் பாலம் கிழியும் என்று, காரணம் சொல்லாமல் அவள் கேட்டபோதே டாக்டரம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"பேசாம கப்பலை ரெண்டு நாள் லேட்டா வரச் சொல்லேன்" என்றாள் பக்கத்துக் கட்டிலில் இருந்த டிரைவிங் ஸ்கூல் அக்கா.

அந்த அக்காவுக்கு வார்டில் தும்பிக்கை என்று பெயர். பெயர் வைத்தவளே அவள்தான். நெற்றித் தோலை ஒரு பட்டையாக வெட்டி, ஒரு முறுக்கு முறுக்கி, கீழே இறக்கி மூக்கு செய்திருந்தார்கள். அந்தப் பட்டை இரு புருவத்துக்கும் நடுவிலிருந்து மூக்கு நுனிக்குத் தொங்கியது.

"ஒரு ஸ்டூடண்ட். பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டரை மிதிச்சான். சுவர் நகரலை. என் மூக்கு நகர்ந்துடுச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். பேச்சில் எங்காவது வேகம் கூடினால் அவளுடைய வலது கால் தானாகத் தரையில் ஒரு பிரேக்கை மிதிக்கும். இருபது வருடப் பழக்கம்.

"ஒரு அதிசயம் கேளு" என்றாள் ஒரு நாள். "புது மூக்கைத் தொட்டா நெத்தியைத் தொட்ட மாதிரி இருக்கு. நரம்பு இன்னும் பழைய வீட்டு விலாசத்தையே வச்சிருக்கு."

இஸ்திரி தன் புறங்கையின் மேலிருந்த தோலை இடது விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள். அடிவயிற்றில் யாரோ தடவியது போல இருந்தது. கூச்சத்தோடு விரலை எடுத்துக்கொண்டாள்.

"பாலத்தை வெட்டினப்புறமும் இப்படித்தான் இருக்குமா அக்கா?"

"டாக்டரைக் கேட்டேன். வெட்டினதும் நரம்பு போயிடும். கொஞ்ச காலத்துக்கு மரக்கட்டை மாதிரிதான் இருக்குமாம்."

அப்படியென்றால், அவன் கேட்டுக்கு வெளியே நின்று இந்தக் கையைப் பிடித்தால் இவளுக்குத் தெரியாது. தெரியவேண்டுமென்றால் வெட்டக்கூடாது. வெட்டாவிட்டால் அவன் பிடிக்கவே வழியில்லை. அதை அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டாள். உள்ளங்கை இருக்கிறது, விரல்கள் இருக்கின்றன, அது போதும்.

*

பன்னிரண்டாம் நாள் காலை சிஸ்டர் ஒரு மெல்லிய ரப்பர் குழாயோடு வந்தார். கறாரான மனுஷி. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைப்பவர் போல இருப்பார்.

"இன்னையிலேர்ந்து உன் கைக்கு டிரெயினிங்."

குழாயைச் சதைப்பாலத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் போட்டு, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, எஃகு இடுக்கியால் இறுக்கினார். வயிற்றிலிருந்து வரும் ரத்தம் நின்றது. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி மடலின் ஓரத்தை விரலால் அழுத்தினார். வெளுத்தது. விரலை எடுத்தார். நிதானமாகச் சிவப்பு திரும்பியது.

"பத்து நிமிஷம் வயிறு சோறு போடாது. கை தானா சமாளிச்சுக்கணும். நாளைக்கு இருபது. நாளன்னைக்கு முப்பது. தாங்கிடுச்சுன்னா சொந்த ரத்தம் வந்துடுச்சுன்னு அர்த்தம்."

"எவ்ளோ நேரம் தாங்கினா வெட்டுவாங்க சிஸ்டர்?"

"ரெண்டு மணி நேரம்."

"அது எப்ப வரும்?"

"வர்றப்ப வரும்."

இந்த மாதிரி பதிலில் அடங்குகிறவள் இல்லை இஸ்திரி. அன்று மதியம் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவை மடக்கினாள். "சிலருக்கு மூணு வாரத்துக்கு முன்னாடியே வெட்டுவீங்களாமே?"

"ரெண்டு மணி நேரம் நிறம் மாறாம தாங்கினா பதினேழாம் நாள்கூட வெட்டியிருக்கேன். எல்லாருக்கும் இல்லை. ஏன், அவசரமா?"

"சும்மாதான் கேட்டேன்."

பதினேழு! பதினேழில் வெட்டினால் பதினெட்டில் ரயில், பத்தொன்பதில் துறைமுகம். அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் கூட்டினால் பதினாறாம் நாள் ஐம்பது நிமிடம்தான் வரும். சிஸ்டருடைய வேகத்தில் போனால் கப்பல் போய்ச் சேர்ந்து, சரக்கு இறக்கி, பெயிண்ட் அடித்து முடித்திருக்கும்.

வளையக் குழாய் பாலத்தில் தொளதொளவென்று அப்படியே கிடந்தது. அடுத்த தடவைக்காக சிஸ்டர் அதை விட்டுவைத்திருந்தார். இடுக்கியை மட்டும் எடுத்துப் போய்விட்டார்.

இடுக்கி இல்லாவிட்டால் என்ன? பால்கனிக் கொடியில் துண்டு காயப்போட்ட மஞ்சள் நிறத் துணி கிளிப்புகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பதினோரு வருடம் துணியோடு குப்பை கொட்டியவளுக்கு அதைவிட நெருங்கிய ஆயுதம் எது?

*

பதின்மூன்றாம் நாள் மதியம் முதல் திருட்டுப் பயிற்சி. குழாய் முனைகளைப் பல்லால் இழுத்து, இடது கையால் கிளிப்பை மாட்டினாள். தும்பிக்கை அக்கா கட்டிலில் சாய்ந்தபடி நேரம் பார்த்தாள்.

"எனக்கு இது பிடிக்கலை. லைசென்ஸ் இல்லாம வண்டி ஓட்டற மாதிரி இருக்கு."

"அரை மணி நேரம் அக்கா. நீங்க மணியைப் பாருங்க, நான் நிறத்தைப் பார்க்கிறேன்."

அரை மணி நேரத்தில் மடல் லேசாகக் கன்றியது போல இருந்தது. கிளிப்பை எடுத்ததும் சரியாகிவிட்டது. தாங்கிவிட்டது! அவளுக்கு உள்ளுக்குள் ஒரு ரயில் கிளம்பி விசில் அடித்தது. மாலையில் வந்த தங்கையிடம், பதினெட்டாம் நாளுக்கு ரயிலில் இரண்டு இடம் போட்டு வைக்கச் சொன்னாள்.

"டாக்டர் ஓகே சொல்லிட்டாங்களா?" தங்கை புருவத்தைத் தூக்கினாள்.

"சொல்லிடுவாங்க."

"அத்தானைப் பார்க்கணும்னா உனக்குக் கண்ணு மண்ணு தெரியாது."

"உனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்ப பேசு."

பதினாலாம் நாள். ஒரு மணிக்கு சிஸ்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒன்று இருபதுக்கு இஸ்திரி கிளிப்பை மாட்டினாள். இன்றைக்கு ஒரு மணி நேரம். வலி மாத்திரை கண்ணை இழுத்தது. பக்கத்தில் அக்கா இருக்கிறாள், மணி பார்ப்பாள். அவள் கண்ணை மூடினாள். கேட்டுக்கு வெளியே அவன் நின்றான். எட்டு மாதம் முன்னால் போட்டுக்கொண்டு போன அதே சட்டை. எண்ணெய் போகாத நகக்கண். அவள் நடக்க நடக்க கேட் மட்டும் அதே தூரத்திலேயே இருந்தது.

ஒன்று நாற்பதுக்குத் தும்பிக்கை அக்காவை டிரஸ்ஸிங் அறைக்குக் கூட்டிப் போனார்கள். எழுப்பலாமா என்று யோசித்தாளாம். பத்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று விட்டுவிட்டாளாம். டிரஸ்ஸிங் அறையில் அன்றைக்குக் கூட்டம்.

இஸ்திரி கண் விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

முதலில் கையைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு பார்த்தாள்.

மடல் ஊதா நிறமாக இருந்தது. விரல் பக்க ஓரம் கறுப்புக்கு மிக அருகில். உப்பிப்போய், தையல்கள் சதைக்குள் புதைந்து, மேலே ஒரு மினுமினுப்பு.

கிளிப்பைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் செருகினாள். ஊதா போகவில்லை. ஒரு நிமிடம் காத்தாள். போகவில்லை. இரண்டு நிமிடம். அதற்குமேல் பொறுக்க முடியாமல் கத்தினாள். "சிஸ்டர்!"

*

டாக்டரம்மா ஓடித்தான் வந்தார். ஒரு ஊசி முனையால் மடலைக் குத்தினார். மசியைப் போலக் கறுத்த ரத்தம் குபுக்கென்று வந்தது.

"உள்ளே போற ரத்தம் போயிட்டிருக்கு. வெளியே வர்ற வழி அடைச்சிருக்கு. சிரைக்குள்ள ரத்தம் உறைஞ்சிருக்கும். சிஸ்டர், தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லுங்க. தையலைப் பிரிச்சுப் பார்க்கணும்."

"ஒரு மணிக்கு நல்லா இருந்துச்சு மேடம். நான் தொட்டுப் பார்த்தேன்." சிஸ்டர் முந்திக்கொண்டு சொன்னார்.

"கையைத் திருப்பினியா? குப்புறப் படுத்தியா?" டாக்டரம்மா அவளைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லை டாக்டர்."

"எங்கேயாவது இடிச்சுக்கிட்டியா?"

"இல்லை."

எல்லாம் உண்மையான பதில்கள். ஒன்றே ஒன்றைத்தான் யாரும் கேட்கவில்லை. தலையணைக்கு அடியில் இருந்த கிளிப் காதுக்குள் நுழைந்துவிட்டது போல அவளுக்கு உறுத்தியது. சொன்னால் பதினேழு போய்விடும். பத்தொன்பது போய்விடும். சொல்லாவிட்டால்? தையலைப் பிரித்துப் பார்ப்பார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. மறுபடி தைத்துவிட்டால் ஒருவேளை...

"பிரிச்சா மறுபடி தைச்சிடலாம்தானே டாக்டர்?"

"பதினாலு நாளா முளைச்ச குழாயெல்லாம் அறுந்து போகும். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுவும் இந்தத் தோல் பிழைச்சாத்தான். கை மிஞ்சினா போதும்னு நினைச்சுக்கோ."

தள்ளுவண்டி வந்துவிட்டது. சக்கரத்தில் ஒன்று கிறீச்சிட்டது. டிரஸ்ஸிங் முடிந்து திரும்பிய தும்பிக்கை அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். இஸ்திரியை நேராகப் பார்த்தாள். அவளுடைய வலது கால் தரையை அழுத்திய அழுத்தில் செருப்பு நசுங்கியது.

"டாக்டர்" என்றாள் இஸ்திரி. "உள்ளே ஒண்ணும் உறையலை."

"உனக்கெப்படித் தெரியும்?"

இடது கை தலையணைக்கு அடியில் போய் மஞ்சள் கிளிப்போடு வெளியே வந்தது.

சிஸ்டர் தன் ரப்பர் குழாயைப் பார்த்தார், கிளிப்பைப் பார்த்தார், மறுபடி குழாயைப் பார்த்தார்.

"எப்ப போட்டே?"

"ஒண்ணு இருபது."

"எப்ப எடுத்தே?"

"மூணு அம்பது. தூங்கிட்டேன் டாக்டர்."

டாக்டரம்மா கிளிப்பை வாங்கி இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். "சிஸ்டர் போடுற இடுக்கி இறுக்கமா இருக்கும். போற வழி, வர்ற வழி ரெண்டையும் அடைக்கும். இந்தக் கிளிப்புக்கு அவ்ளோ பிடி கிடையாது. தமனி தடிப்பான குழாய், அது இதுக்கு அசரலை. சிரை மெலிசு, நசுங்கிடுச்சு. ரெண்டரை மணி நேரமா ரத்தம் வாசல் வழியா உள்ளே வந்துட்டே இருந்திருக்கு. கொல்லைக் கதவு பூட்டியிருக்கு. வீடு ரொம்பிடுச்சு." வண்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "வேண்டாம். எடுத்துட்டுப் போங்க."

அதன்பிறகு இரண்டு மணி நேரம், சிஸ்டர் அவள் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. மடலின் ஓரத்தில் ஊசியால் சின்னச் சின்னத் துளைகள். ரத்தம் உறையாமலிருக்க மருந்தில் நனைத்த துணி. கால் மணிக்கு ஒரு தடவை துடைத்து, அழுத்தி, மறுபடி துடைத்து, தேங்கிய கறுப்பு ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக வெளியே எடுத்தார்.

"என்னை மாட்டி விடப் பார்த்தியே" என்றார் ஒரு முறை, தலை நிமிராமல்.

"இல்லை சிஸ்டர்..."

"பேசாதே. கை ஆடுது."

ஆறு மணிக்கு ஊதா சிவப்பாக இறங்கியிருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு நகத்தளவு கறுப்பு.

"அது போயிடும். மீதி பிழைச்சிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "ஆனா இருபத்தஞ்சு நாளுக்கு முன்னாடி நான் கத்தியைத் தொட மாட்டேன். இப்ப சொல்லு. எதுக்கு இப்படிப் பண்ணினே?"

சொன்னாள். கப்பல், கேட், பத்தொன்பது, ஏழு மாதம். எல்லாவற்றையும்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா பதினேழுல வெட்டியிருப்பீங்களா?"

டாக்டரம்மா யோசித்தார். "மாட்டேன்."

"அப்புறம்?"

டாக்டரம்மா போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார்.

*

மறுநாள் காலை பத்து மணிக்குக் கப்பல் போன்.

"ஹலோ, கேக்குதா? நாலு நாள்தான். வந்துடுவேல்ல? டிக்கெட் போட்டுட்டியா?"

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"வந்து சொல்லு."

"வர முடியாதுங்க."

பிறகு அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி துணி மடிக்கத் தொடங்கிவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். உருளை, தசைநாண், வயிறு, கிளிப் எல்லாம் மூன்று நிமிடத்தில். மறுபக்கம் எஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஏங்க?"

"ரெண்டு வாரத்துக்கு மேலா இதை மறைச்சு..." என்றான் அவன். குரல் உடைந்ததா, லைன் உடைந்ததா தெரியவில்லை. "துணி மடிக்கிறேன்னு சொன்னியேடி."

லைன் போய்விட்டது. ஐந்து நிமிடம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

பதினாறு, பதினேழு, பதினெட்டு. போன் வரவில்லை. தங்கை ரயில் டிக்கெட்டை ரத்து செய்தாள். தும்பிக்கை அக்கா தன் பங்குக்கு எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். "ஆம்பளைக் கோவம் டீசல் வண்டி மாதிரி. சூடாகவும் நேரம் ஆகும், ஆறவும் நேரம் ஆகும்." இஸ்திரி சிரித்தாள். மடலின் கறுப்பு நகம் காய்ந்து சருகாகி, அதற்கு அடியில் புதுச் சிவப்பு தெரிந்தது. கை நன்றாகத் தேறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. இப்போது கப்பலைக் கரையில் கயிறு கட்டுவார்கள். ஏழு மணி. இப்போது சீட்டு வாங்கியிருப்பான். எட்டு. ஒன்பது. கேட்டுக்கு வெளியே வேறு யார் யாரோ மனைவிகள் நிற்பார்கள். பத்து, பதினொன்று. தரையில் இறங்கியும் ஒரு போன் செய்யத் தோன்றவில்லையா? சாப்பாட்டுத் தட்டு வந்தது. தங்கை ஊட்டிய நாலு வாய்க்குமேல் இறங்கவில்லை.

பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.

"என்னடி பண்றே?" என்றான் அவன்.

"படுத்திருக்கேன்" என்றாள்.

"உண்மையாவா?"

"சத்தியமா. நீங்க எங்கே இருக்கீங்க? ஒரே சத்தமா இருக்கு."

"ஜங்ஷன்ல."

"துறைமுகத்துல ஏதுங்க ஜங்ஷன்?"

"துறைமுகத்துல இல்லை. நம்ம ஊருக்கு வர்ற ரயில்ல ஏறினேன். பாதி வழி ஜங்ஷன்ல இறங்கியிருக்கேன். திரும்பற வண்டி ஒண்ணு அஞ்சுக்கு. இதுக்கு மேல ஒரு ஸ்டேஷன் வந்தாலும் ஆறு மணிக்குள்ள திரும்ப வண்டி கிடையாது. ரெண்டு தடவை விசாரிச்சுட்டேன்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "இங்கே வந்து சேர முடியாதுன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குங்க வந்தீங்க?"

அங்கே ஏதோ ஒரு வண்டி கடகடவென்று போனது. அது முடியும்வரை அவன் காத்திருந்தான். "கேட்டுக்கு வெளியே நின்னேன். நிக்க முடியலை."

"மூணு நாளா போனே பண்ணலை."

"கோவம்."

"இப்ப?"

"இப்பவும்தான். கோவத்தோடதான் டிக்கெட் எடுத்தேன். வீடியோ போடு, பார்க்கணும்."

தங்கை போனைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, சேர்ந்து, மறுபடி உடைந்தது. தாடியில் எட்டு மாதம் முன்னால் இல்லாத நரை. பின்னால் ஒரு குடிநீர்க் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் போர்வையை விலக்கிக் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். எஞ்சின் அறைக்காரன் பார்வை அது, குழாய் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று தேடும் பார்வை.

"பைபாஸ் லைன் குடுத்திருக்காங்க" என்றான். "உன் டாக்டர் நல்ல மெக்கானிக்."

"நான்தான் வால்வை மாத்தி மூடிட்டேன்."

அவன் சிரித்தான். சிரிப்பின் நடுவில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்துபோனது. துடைக்கும் கையில் பாதி முகம் மறைந்தபடியே நின்றது.

"படம் வேண்டாம்டி. பேசு. படம் போட்டா பேச்சும் போயிடுது."

பேசினார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பிட்டாயா, வலிக்கிறதா, வீட்டு மோட்டாரை யாராவது ஓட்டி விடுகிறார்களா, கப்பலில் புதுச் சமையல்காரன் எப்படி. நடுவில் அவன், "எட்டு மாசத்துல இவ்ளோ பக்கத்துல வந்ததில்லை" என்றான். "மூணு மணி நேரம்தான் நடுவுல."

"ம்."

"வண்டி வந்துடுச்சு."

"ஏறுங்க. போனை வைக்காதீங்க."

கால்களின் சத்தம், கதவுச் சத்தம், யாரோ ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடிக்கும் சத்தம். பிறகு சக்கரம் மெல்ல உருளத் தொடங்கியது.

"இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. ஜன்னல் ஓரம். ஆனா திரும்பி உக்காந்திருக்கேன்."

"திரும்பின்னா?"

"வண்டி போற பக்கம் முதுகு. உன் பக்கம் முகம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சக்கரச் சத்தம் சட்டென்று அறுந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

தும்பிக்கை அக்கா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, எவ்ளோ தூரம் வந்தாராம்?"

"பாதி."

அக்காவின் கால் இந்த முறை எதையும் மிதிக்கவில்லை.

மருந்துத் தட்டோடு வந்த சிஸ்டரிடம் இஸ்திரி கேட்டாள்: "சிஸ்டர், துறைமுகம் எந்தப் பக்கம்?"

சிஸ்டர் ஒரு கணம் யோசித்து, மாத்திரை வைத்த விரலாலேயே கட்டிலின் தலைமாட்டுச் சுவரைக் காட்டினார். "அந்தப் பக்கம். ஏன்?"

அவள் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, தங்கை ஒரு தலையணையை நகர்த்தித் தர, கையும் வயிறும் ஒன்றாக, அங்குலம் அங்குலமாகத் திரும்பினாள். திரும்பி முடிக்க நாலைந்து நிமிடம் ஆயிற்று.

எதிரே வெறும் சுண்ணாம்புச் சுவர். அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.